முப்பத்தேழாம் புள்ளி

இரண்டாவது சுற்று முடிந்து மூன்றாவது ஓடத் தொடங்கிவிட்டது. மொத்தம் பத்துச் சுற்று, சுற்றுக்கு நாலு நிமிடம், ஆக மொத்தம் நாற்பது நிமிடம் இந்தக் கணினி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், கைதான் கட்டுப்படும், மனசு எங்கே கட்டுப்படுகிறது. தென்காசியில் ஆடிச் சாரல். அலுவலகம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் இந்த மாடி வீட்டின் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தாள்கள் பறக்கும், அதனால் பாதி திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பாதியில் மலை தெரிய வேண்டும். இன்றைக்கு மேகம்தான் தெரிகிறது. என் வேலை என்னவென்று அம்மா கேட்டபோது, கல்யாணத் தரகர் வேலைம்மா என்று சொன்னேன், அவள் கோபித்துக்கொண்டாள், ஆனால் அது முழுப்பொய் இல்லை. வரையாட்டைப் பார்த்த இடங்களை அறுபத்திரண்டு புள்ளிகளாகக் கணினிக்குக் கொடுப்பேன். அந்த இடங்களின் சரிவு, உயரம், புல், மழை, சாலை எவ்வளவு தூரம் என்பதை எல்லாம் அது படித்துக்கொண்டு, மலை முழுக்க வேறு எங்கெல்லாம் அந்த ஆட்டுக்கு ஒத்துவரும் என்று வண்ணம் பூசித் தரும். மஞ்சள் என்றால் ஒத்துவரும், வெள்ளை என்றால் வராது. ஜாதகம் பொருந்துகிறது என்று மட்டும்தான் சொல்லும், ஆடு அங்கே இருக்கிறது என்று சொல்லாது. எல்லாப் பொருத்தமும் இருந்து ஆடு எட்டிப் பார்க்காத மலைகள் எத்தனையோ உண்டு. அதைத்தான் நான் கூட்டங்களில் நின்று எல்லோருக்கும் சொல்லுவேன், ஏற்ற இடம் வேறு இருக்கிற இடம் வேறு என்று, நன்றாகவே சொல்லுவேன், கை தட்டுவார்கள், பிறகு வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்கு ரசம் வைப்பேன்.

மூன்றாவது சுற்றிலேயே நிற்கிறது. காலையில் இராசையா சார் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வரைபடத்தைப் பார்த்தார். இந்த நிறுவனத்தை நடத்துகிறவர், அறுபது வயதிலும் கண்ணாடி இல்லாமல் எதிர்மலையில் ஆடு எண்ணுகிறவர், அவர் கண்ணுக்குத் தப்பாது என்று தெரியும், தப்பவும் இல்லை. "ஜெசிந்தா, இந்த முப்பத்தேழு மட்டும் உறுத்துது பாத்துக்கிடுங்க. மத்ததெல்லாம் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல. இது ஒண்ணு எண்ணூத்தம்பதுல கெடக்கு. இது ஒண்ணாலதான் ஈச்சங்கல் மொட்டை பூரா மஞ்சளாயிட்டு." மொட்டை என்று இங்கே சொல்வது மரமில்லாத பாறைக்குன்றை. "இத எடுத்துட்டு ஒருக்க ஓட்டிப் பாருங்க. அப்புறம் வைக்கவா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்கதான சாட்சி. அஞ்சு மணிக்கு அனுப்பிரணும், என்னா." நீங்கதான சாட்சி என்று அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. ஐந்து மணிக்கு வனத்துறைக்குப் போகிற வரைபடத்தை வைத்துத்தான் தை மாதம் கணக்கெடுப்புக்கு எந்தெந்த மலைக்கு ஆள் ஏறுவது என்று தீர்மானிப்பார்கள். மஞ்சளுக்கு ஆள் போகும், வெள்ளையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள், அடித்தால் அடித்ததுதான், இனிப் பத்து வருஷத்துக்கு ஒருவரும் அந்தப் பக்கம் ஏற மாட்டார்கள். ஆள் இருப்பதோ ஆறு குழு. ஈச்சங்கல்லுக்கு ஒரு குழு போனால் நிஜமாகவே ஆடு நிற்கிற வேறு ஏதோ ஒரு பாறைக்கு ஆள் இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று வருஷமாக ஒவ்வொரு வரைபடத்திலும் முப்பத்தேழை வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் ஆள் பற்றாமல் ஈச்சங்கல் கடைசியில் விட்டுப்போனது, இந்த வருஷம் முதல் வரைவுப் பட்டியலில் அது முதலில் இருக்கிறது, ஏறப்போகிற குழுவில் என் பெயரும் இருக்கிறது. எனக்கு அந்தப் பாறை வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பாறையில் இன்னொரு முறை நான் போய் உட்கார வேண்டும்.

நான்கு. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மார்கழி அது. நானும் பேச்சிமுத்துவும் இருபத்து மூன்று நாளாக ஏறி இறங்கி ஒரு ஆட்டைக்கூடப் பார்க்கவில்லை. பேச்சிமுத்து அம்பாசமுத்திரத்துக்காரர், என்னைவிட ஒரு வயது மூத்தவர், தாவரவியல் படித்துவிட்டு ஆடு பார்க்க வந்தவர், புல்லின் பேரெல்லாம் சொல்லுவார், ஆனால் ஆளைப் பார்த்துப் பேசச் சொன்னால் தரையில் புல் தேடுவார். தற்காலிக வேலைதான் அவருக்கு. அந்தப் பருவத்தில் ஒரு புள்ளிகூட வரவில்லை என்றால் அடுத்த வருஷம் கிடையாது என்று இராசையா சார் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். எங்களுக்கு ஒரு விதி உண்டு, இராசையா சார் வைத்த விதி. ஆட்டைப் பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது, சத்தம் கேட்டால் அது பாறைக்குப் பின்னால் போய்விடும். பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டை ஒருமுறை அமுக்க வேண்டும். அவரும் பார்த்துவிட்டால் தலையாட்ட வேண்டும். இருவரும் பார்த்தால்தான் புள்ளி, ஒருவர் மட்டும் பார்த்தது கனவோடு சேர்த்தி. பைனாகுலர் ஒன்றுதான் இருந்தது, அது அன்றைக்கு என் கழுத்தில். ஈச்சங்கல் மொட்டையின் கீழ்ப்பாறையில் உட்கார்ந்திருந்தோம், எதிரே செங்குத்துப் பாறை, நடுவே பள்ளம், பள்ளத்திலிருந்து மஞ்சு, அந்த மலை மூடுபனி, மேலே ஏறிக்கொண்டே இருந்தது. பைனாகுலருக்குள் சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை. சாயங்காலம் நாலரை இருக்கும். ஈரத்தில் என் முழங்கால் விறைத்திருந்தது, அவர் சட்டையில் விறகுப் புகையும் வேப்பெண்ணெயும் கலந்த வாசனை, அட்டைக்குப் பயந்து காலெல்லாம் வேப்பெண்ணெய் பூசியிருந்தார். மஞ்சு ஒரு கணம் கிழிந்தது போல இருந்தது, கிழியவில்லை. அப்போது அவர் கை என் மணிக்கட்டில் வந்து அமுக்கியது.

அமுக்கியது, எடுக்கவில்லை. விதிப்படி ஒருமுறை அமுக்கி எடுத்துவிட வேண்டும். நான் வெள்ளைக்குள் தேடினேன், ஆடு இல்லை, பாறைகூட இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று தலையை இடமும் வலமும் அசைத்திருந்தால் கையை எடுத்துவிட்டு எந்தப் பக்கம் என்று காட்டியிருப்பார். அதுதான் முறை. கையை எடுத்துவிடுவார். நான் மேலும் கீழும் தலையாட்டினேன். முப்பத்திரண்டு வயதில் ஒரு பெண் செய்கிற காரியமா என்று கேட்டால், ஆமாம், அந்த வயதில்தான் செய்வாள், இருபதில் இவ்வளவு ஏங்கியிருக்க மாட்டாள். பிறகு அவர் ஒரு விரலை உயர்த்தினார். ஒன்று. தலையாட்டினேன். மஞ்சு நன்றாக மூடிக்கொண்டது, பேசலாம் என்று ஆனதும், "முந்நூறு மீட்டர் இருக்குமா" என்றார், "இருக்கும்" என்றேன். "ஆணா பொண்ணா தெரியல" என்றார், "தெரியல" என்றேன். நோட்டை எடுத்து எழுதினார். ஜிபிஎஸ் கருவி நாம் உட்கார்ந்திருக்கிற இடத்தைத்தான் சொல்லும், ஆடு நின்ற இடத்தை நாம்தான் திசையும் தூரமும் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும், எதிர்ப்பாறைக்கு முந்நூறு மீட்டர் என்று கூட்டிக் கண்டுபிடித்தோம். முதல் சாட்சி என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டு நோட்டை என்னிடம் நீட்டினார். இரண்டாம் சாட்சி, சே. ஜெசிந்தா. என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஐந்து முடிந்து ஆறு. அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கித் தேநீர் போட்டுத் தருகிற கனி அக்கா தேநீர் வைத்துவிட்டுப் போனாள், "இன்னுமா ஓடுது இது, அரவை மில்லு மாதிரி" என்று கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தேநீரில் ஆடை கட்டுகிறது. மலையை விட்டு இறங்கிய மறுநாளே எனக்குள் அரிக்கத் தொடங்கியது. மஞ்சில் நான் பைனாகுலர் வைத்துப் பார்த்தே தெரியாத ஆடு வெறுங்கண்ணில் இவருக்கு எப்படித் தெரிந்தது. தெரிந்திருக்காது. அப்படியானால் எழுதினது பொய். வேலைக்காக எழுதியிருக்கிறார், ஒரு புள்ளி வேண்டும், ஒரு புள்ளியை உண்டாக்கிவிட்டார், அதற்கு என் மணிக்கட்டு. இப்படி ஒரு சங்கிலியை நானே கோத்து நானே கழுத்தில் போட்டுக்கொண்டேன். நானும்தானே தலையாட்டினேன் என்று ஒரு பக்கம் கேட்கும், அது வேறு, அது ஆசை, பொய்யில் சேராது என்று இன்னொரு பக்கம் பதில் சொல்லும், எனக்குள்ளே ஒரு வக்கீல் எப்போதும் தயாராக உட்கார்ந்திருப்பார், எனக்காக மட்டும் வாதாடுவார், பேச்சிமுத்துவுக்கு வக்கீலே வைக்கவில்லை. பங்குனியில், செங்கோட்டை ரயில் நிலையத்து நடைமேடையில், தரையில் புல் ஏதும் இல்லாததால் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு அவர் கேட்டார், "உங்களுக்கு ஒத்துக்கிட்டா, எங்க வீட்டுல பேசவா?" ஒத்துக்கிட்டா. ஒத்துவருமா. எல்லாம் ஒத்துவந்தது, சரிவு, உயரம், மழை எல்லாம். "எங்க அம்மா சம்மதிக்க மாட்டா, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றேன். அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒருநாள் அழுதுவிட்டு மறுநாள் சேலை எடுக்கப் போயிருப்பாள், அவளை எனக்குத் தெரியும். காரணம் மதம் என்று அவர் நினைத்துக்கொண்டார், ஊரும் நினைத்துக்கொண்டது, நினைக்கட்டும் என்று விட்டேன். காரணம் ஆடு. இல்லாத ஆட்டை எழுதிக் கையெழுத்துப் போடுகிற மனிதரோடு எப்படி வாழ்வது என்று நான் பயந்தேன், நாளைக்கு என்னிடம் என்னென்ன எழுதிக் காட்டுவாரோ என்று. அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, ரயில் வருகிற வரை நின்று, என் பையை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழாவது சுற்று. இப்போது அவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார், கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. எனக்கு எப்படித் தெரியும், எப்படியோ தெரியும், தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, குறை சொல்லிச் சொல்லித்தானே ஒன்பது வருஷம் போனது. பயம் இப்போது வேறு மாதிரி. முப்பத்தேழை எடுத்துவிட்டு ஓடுகிற இந்த ஓட்டத்தில் ஈச்சங்கல் வெள்ளையாக வந்தால், அவர் பொய் சொன்னது உறுதி, நான் வேண்டாம் என்றது சரி. மஞ்சளாகவே வந்தால் அங்கே ஆடு நிற்கக்கூடும், அவர் பார்த்திருக்கக்கூடும், அப்படியென்றால் நான் செய்தது என்ன. எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது. சரியாக இருந்துவிட்டேன் என்பதில் ஒரு சுகமும் இல்லை, அதை நாற்பத்தொரு வயதில்தான் கண்டுபிடித்தேன். தவறாக இருக்கட்டும், அவர் பார்த்திருக்கட்டும், அந்த மஞ்சுக்குள் நிஜமாகவே ஒரு ஆடு நின்றிருக்கட்டும், எனக்குத்தான் கண் இல்லாமல் போயிருக்கட்டும். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். எவ்வளவு நேரமாகவோ. அவர் கை சூடாக இருந்தது, அந்தக் குளிரில் அது எப்படிச் சூடாக இருந்தது, உள்ளங்கையில் நோட்டுக் கம்பி அழுத்தின தடம் இருந்தது, அதுகூட என் தோலில் பதிந்தது. எட்டு. ஒன்பது. ஜன்னலில் வைத்த கல் நழுவி ஜன்னல் அடித்துக்கொள்கிறது, எழுந்து சரிசெய்ய முடியவில்லை, எழுந்தால் திரும்பி உட்கார மாட்டேன் என்று தோன்றுகிறது.

பத்து. வரைபடம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வடக்கே மஞ்சள், வழக்கமான மஞ்சள், நடுவில் மஞ்சள், தெற்கே ஈச்சங்கல் மொட்டை. வெள்ளை. ஓரத்தில்கூட ஒரு பொட்டு மஞ்சள் இல்லை, சோறு வடித்த கஞ்சி மாதிரி வெள்ளை. ஆக நான் சரி. வக்கீல் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொள்கிறார். மணி நாலே கால். நீக்கு என்ற பொத்தானை அழுத்தினால் முடிந்தது, விரல் போகவில்லை. கணினிக்கு என்ன தெரியும், அறுபத்தொரு இடத்தைப் படித்துவிட்டு அறுபத்திரண்டாவதில் நின்றவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது. ஒத்துவராத இடம் என்று அது சொல்லும் இடத்தில் ஆடு நின்றதும் உண்டு, அதையும் நான்தான் கூட்டங்களில் சொல்கிறேன். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். பார்த்தாயா என்று கேட்க எனக்கு ஒன்பது வருஷமாக ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவரைத் தவிர எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன், சரிவைக் கேட்டேன், மழையைக் கேட்டேன். அவர் எண் என்னிடம் இருக்கிறது. என் எண் அவரிடம் இருக்காது. அழைத்தேன், மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்க, யாரு?"

"ஜெசிந்தா பேசுதேன்."

பின்னால் ஒரு சிறு பெண் பதினாலாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். பதினாலு மூணு நாப்பத்திரண்டு. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது, வாய்ப்பாடு மெலிந்தது.

"நல்லாருக்கியளா?" என்றார்.

"இருக்கேன். ஒரு வேலை விஷயமாத்தான். ஈச்சங்கல் மொட்டைப் புள்ளி ஞாபகம் இருக்கா, முப்பத்தேழு?"

"அது எப்படி மறக்கும்."

"இன்னைக்கு அத வைக்கவா எடுக்கவான்னு முடிவு பண்ணணும். உங்களக் கேக்காம எடுக்க மனசு வரல. அந்த ஆட்ட நீங்க நல்லா பாத்தியளா?"

அவர் குரலில் குழப்பம்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"நானா? நான் எங்க பாத்தேன். பைனாகுலர் உங்க கையிலல்லா இருந்துச்சு. நீங்கதான பாத்திய."

"நான் பாக்கல."

"பின்ன தலையாட்டுனிய?"

"நீங்க கைய அமுக்குனிய."

வாய்ப்பாடு நின்றுவிட்டது, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

"அமுக்கினேன்," என்றார். "அது ஆட்டுக்காக இல்ல, ஜெசிந்தா."

அவரே மேலும் பேசினார், மெதுவாக, நோட்டில் எழுதுகிற மாதிரி. "தெரியாம வச்ச மாதிரி வச்சிட்டேன். எடுக்கணும்னுதான் நெனச்சேன். நீங்க தலையாட்டவும் ஆட்டத்தான் பாத்துட்டியன்னு நெனச்சுட்டேன். ஒண்ணான்னு விரலக் காட்டிக் கேட்டேன், ஆமான்னிய. முந்நூறு மீட்டரான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் ஆமான்னிய."

"முதல் சாட்சின்னு நீங்க கையெழுத்துப் போட்டியளே, பாக்காம."

"தப்புதான். நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானன்னு போட்டேன். உங்க பேச்ச நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்ல."

சொல்லலாம், நான் உங்களைச் சந்தேகப்பட்டேன், ஒரு ஆட்டை வைத்து உங்களை வேண்டாம் என்றேன், அம்மா பாவம் ஒன்றும் அறியாதவள் என்று. சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும், அவருக்கு ஏறும். உள்ளே ஒரு குழந்தை பதினாலு ஏழுக்கு அப்பா வந்து எடுத்துக்கொடுக்கக் காத்திருக்கிறாள். நீங்க தேநீர் குடிச்சாச்சா என்று என்னத்தையோ கேட்டேன். குடிச்சாச்சு என்றார். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறும்போது பக்கத்தில் கேட்ட அதே மூச்சு, கொஞ்சம் வயதாகியிருந்தது.

"புள்ளிய எடுத்துருங்க," என்றார் கடைசியில். "நிஜமா நிக்கிற ஆட்டுக்கு ஆள் போகட்டும்."

"எடுத்துருதேன்."

நாலு முப்பத்தெட்டு. தை மாதம் ஈச்சங்கல்லுக்கு யாரும் ஏற மாட்டார்கள், நானும்தான். அந்தப் பாறை மஞ்சுக்குள் தன்பாட்டுக்கு இருக்கும், எண்ணூற்றைம்பது மீட்டரில், ஒரு ஆட்டுக்கும் ஒத்துவராத இடத்தில், இரண்டு பேர் உட்காரச் சரியான அகலத்தில். அழுகை வந்தது, அழுதேன், கனி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு போனாள். முப்பத்தேழை அழுத்தினேன், நீக்கு என்றேன். காரணம் கேட்டது. புள்ளியை நீக்கினால் காரணம் எழுதாமல் விடாது, அதுவும் இராசையா சார் வைத்த விதி. இடம் தவறு, இனம் தவறு, இரட்டைப் பதிவு என்று வரிசையாக இருந்தவற்றில் எதுவும் பொருந்தவில்லை. வேறு என்பதைத் தேர்ந்தெடுத்து, பெட்டிக்குள் மெதுவாகத் தட்டினேன்: சாட்சிகள் இருவரும் அங்கே இருந்தார்கள். இருவரும் ஆட்டைப் பார்க்கவில்லை.